புல்லுக்கு எத்தனை குடம்?



கோவை - திருச்சி ரோட்டில் பல்லடம் தாண்டிப் போறப்ப ரெண்டு பக்கமும் பாருங்க. மில் வாசல், கல்யாண மண்டபம், புது சைட் ஆபீஸ், எல்லா இடத்திலும் கொரியன் புல். உச்சி வெயில்ல ஹோஸைத் திறந்து விட்டுட்டு ஆள் போயிடுறாங்க. பாதித் தண்ணி ரோட்டுக்கு ஓடுது. பக்கத்துத் தெருவில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கோடையில் புல்தரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும். 1 சென்ட்டுக்கு 200 லிட்டர். 10 சென்ட் லானுக்கு தினமும் 2,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதருக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அதாவது 36 பேரோட தண்ணியை ஒரு முன்வாசல் குடிக்குது. அதுவும் சிந்தாமல் ஊற்றினால்தான்!

நம்ம தோட்டத்துக்காரர் பிஏபி பாசனத்தில் தன் மண்டலத்துக்கு முறை வரும்வரை காத்திருக்கிறார். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறார். சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. இப்போது அவை கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகின்றன (அதற்குள் நொய்யல் பட்ட பாடு தனிக் கதை). விவசாயிக்கும் பட்டறைக்கும் இருக்கிற கட்டுப்பாடு அலங்காரப் புல்லுக்கு மட்டும் ஏன் இல்லை?

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 2021-லேயே சட்டம் போட்டுவிட்டது. யாரும் கால் வைக்காத அழகுப் புல்லுக்கு 2026 முடிந்ததும் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. பணக்கார நாடே அந்த முடிவுக்கு வந்தாச்சு.

புல்லையே பிடுங்கணும்னு நாம சொல்லலை. குழந்தைகள் ஓடியாடும் பூங்காவில் இருக்கட்டும், அங்கேயும் அருகம்புல் போதும். மத்த இடத்தில் வேம்பும் புங்கனும் வைக்கலாம். அடியில் தென்னை மட்டை மூடாக்கு, சொட்டுநீர், காலை வெயில் ஏறுமுன் பாய்ச்சல்.

நகராட்சியிடம் நம் கோரிக்கை இதுதான்: குடிநீர் இணைப்பும் லாரித் தண்ணியும் லானுக்குப் போகக் கூடாது, மீறினால் அபராதம். பெரிய வளாகங்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்தே தோட்டத்துக்கு விட வேண்டும். புது மனைப்பிரிவு அனுமதியிலேயே இதை எழுத வேண்டும்.

மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடுகிறது. கரைப்புதூர், கணபதிபாளையம் தோழர்கள் அங்கே தீர்மானம் கொண்டு வாங்க. டவுனுக்குள் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்க. மனு நகல் நம் ஒன்றிய அலுவலகத்தில் தயாரா இருக்கு.