பட்டியலில் சேரும் பெயரும் அழைத்து வந்தவரின் கமிஷனும்

தமிழில் இணையவழிப் பாடங்களும் மின்னூல்களும் விற்பவர்கள் எங்கள் அமைப்பில் இருக்கிறார்கள். அவற்றைத் தங்கள் யூடியூப் சேனலிலோ டெலிகிராம் குழுவிலோ பரிந்துரைத்துக் கமிஷன் பெறும் அஃபிலியேட்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே திரும்பத் திரும்ப வரும் ஒரு சச்சரவைப் பற்றி எங்கள் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறோம். அஃபிலியேட் அனுப்பிவைத்த ஒருவர் உடனே வாங்கவில்லை. மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு விற்பவர் அனுப்பும் மடல்களைப் படித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து வாங்குகிறார். அந்த விற்பனையில் அஃபிலியேட்டுக்குப் பங்கு உண்டா?

உண்டு. முகவரி பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அவர் எந்த வழியாக வாங்கினாலும், அழைத்து வந்த அஃபிலியேட்டுக்கு முழுக் கமிஷன் சேர வேண்டும்.

மின்னஞ்சல் பட்டியல் வளர்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும், யார் கண்ணில் எது படும் என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது. பட்டியல் மட்டுமே விற்பவரின் கையில் நிற்கும் சொத்து. பாடத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாலாயிரம் ரூபாய் கட்டுபவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும், மாதிரிப் பாடம் வேண்டும், சம்பள நாள் வர வேண்டும். அதுவரை அவர்களோடு தொடர்பில் இருக்கப் பட்டியலை விட்டால் வேறு நல்ல வழியில்லை. அஃபிலியேட்டின் பங்கு ஒழுங்காகப் பதிவாகும் பட்சத்தில், பட்டியலால் அவருக்கும் வருமானம் கூடும்.

பதிவாகாதபோது என்ன நடக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அஃபிலியேட் 500 பேரை அனுப்புகிறார். பாடத்தின் விலை 4,000 ரூபாய், கமிஷன் 30 சதவீதம். 5 பேர் அன்றே வாங்குகிறார்கள். 120 பேர் இலவச மாதிரிப் பாடத்துக்காக முகவரி கொடுக்கிறார்கள். அவர்களில் 9 பேர் அடுத்த இரண்டு மாதங்களில் மடல் வழியாக வாங்குகிறார்கள். விற்பவருக்கு வந்தது 56,000 ரூபாய். அஃபிலியேட்டுக்குச் சேர வேண்டியது 16,800. அன்றைய விற்பனையை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் கையில் கிடைப்பது 6,000. மீதி 10,800 ரூபாய் எங்கே போனது என்று அவருக்குத் தெரியக்கூட வழியில்லை.

பெரும்பாலும் இது திட்டமிட்ட ஏமாற்று வேலையல்ல. கண்காணிக்கும் முறையிலேயே ஓட்டைகள் இருக்கின்றன. அஃபிலியேட் கணக்கு இன்னும் உலாவியில் சேமிக்கப்படும் குக்கீயை நம்பியே நடக்கிறது. 1996-இல் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கிய அமேசானில் இன்றும் லிங்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கப்படும் குக்கீகளின் ஆயுளை ஆப்பிளின் சஃபாரி 2019-இல் ஏழு நாட்களாகக் குறைத்துவிட்டது. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் உலாவியில் லிங்கைத் தொட்டவர், வீட்டில் மடிக்கணினியில் பணம் கட்டினால் இரண்டும் ஒரே ஆள் என்று குக்கீக்குத் தெரியாது. விற்பவர் அனுப்பும் மடலில் உள்ள லிங்க் அவருடைய சொந்தக் குறியீட்டோடு வருவதால், கடைசி கிளிக்குக்கே கமிஷன் என்ற விதிப்படி பழைய அஃபிலியேட்டின் பெயர் அழிந்துபோகிறது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மடலுக்குப் பதில் எழுதியவருக்கு வாட்ஸ்அப்பில் கியூஆர் படம் போகிறது, அவர் யுபிஐ-யில் பணம் அனுப்புகிறார், விற்பனை முடிந்துவிடுகிறது. எந்த மென்பொருளிலும் அதற்குத் தடம் இல்லை. சிறு விற்பனையாளர்களிடம் இப்படி முடியும் வியாபாரம் அதிகம். எங்களிடம் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதியும் இங்கேதான் தொடங்குகிறது.

"மடல் எழுதி மனதை மாற்றியது நான், அவர் ஒரு லிங்க் போட்டதோடு சரி" என்று விற்பவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டோம். அதில் உண்மை இருக்கிறது. வாரம் தவறாமல் எழுதுவது கடினமான உழைப்பு. ஆனால் வீடு காட்டிய தரகரை ஒதுக்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து உரிமையாளரும் வாங்குபவரும் நேராகப் பேசி முடித்துக்கொண்டால் நம் ஊரில் அதை யாரும் நியாயம் என்று சொல்வதில்லை. அஃபிலியேட் கொடுப்பது வெறும் லிங்க் அல்ல. பல வருடங்களாகத் தன் பார்வையாளர்களிடம் சேர்த்த நம்பிக்கையைக் கொடுக்கிறார். பாடம் மோசமாக இருந்தால் திட்டு வாங்குவதும் அவர்தான். விற்பவரின் தொடர் உழைப்பை மதித்துத்தான் ஆயுள் முழுக்கக் கமிஷன் என்ற கோரிக்கையை நாங்கள் ஏற்கவில்லை. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான பாடங்களில் அடுத்த அணிக்கான சேர்க்கை ஒருமுறையாவது நடந்துவிடும். முதல் அழைப்பின் பலன் அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகு வாங்குபவரை விற்பவர் தன் மடல்களால் சம்பாதித்தவராகக் கொள்ளலாம்.

ஆகவே கமிஷன் உரிமையைக் குக்கீயிலிருந்து எடுத்துப் பட்டியலிலேயே பதிய வேண்டும். முகவரி கேட்கும் படிவத்தில், பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு புலத்தில் அஃபிலியேட்டின் குறியீடு தானாக நிரம்பினால் போதும். முகவரியோடு அதுவும் சேமிக்கப்படும். புழக்கத்தில் உள்ள மின்னஞ்சல் சேவைகளில் இதற்கு வசதி இருக்கிறது, பெரிய செலவில்லை. பணம் வந்ததும் வாங்கியவரின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். யுபிஐ-யில் வந்த பணத்தையும் மாதக் கடைசியில் இதேபோல் ஒத்துப் பார்க்க வேண்டும். கைவேலைதான்; ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

விற்பவர்கள் ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் இரண்டு லிங்க் தர வேண்டும் என்றும் கேட்கிறோம். ஒன்று நேராக விற்பனைப் பக்கத்துக்குப் போக வேண்டும், முகவரி கேட்டு எந்தப் பாப்-அப்பும் குறுக்கே வரக்கூடாது. மற்றது இலவசப் பாடப் பக்கத்துக்கு. தன் ஆட்கள் வாங்கும் மனநிலையில் வருகிறார்களா, பார்த்துவிட்டுப் போக வருகிறார்களா என்பது அஃபிலியேட்டுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முன்பே விற்பவரின் பட்டியலில் இருந்து, பிறகு அஃபிலியேட்டின் லிங்க் வழியாக வந்து வாங்குபவர் யார் கணக்கு? இதில் எங்கள் உறுப்பினர்கள் இன்னும் ஒருமனதாக இல்லை. லிங்கைத் தொட்ட ஏழு நாட்களுக்குள் வாங்கினால் அஃபிலியேட்டுக்குப் பாதிக் கமிஷன் என்பது பெரும்பான்மையோர் கருத்து. இப்போதைக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

கமிஷன் விகிதத்தை ஒரே இரவில் வெட்டுவதை ஏற்க மாட்டோம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-ஆகவும், மளிகைக்கு 5-லிருந்து 1-ஆகவும் குறைத்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இருந்தது ஒரு வாரம். அவ்வளவு பெரிய நிறுவனத்தை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் உறுப்பினர்கள் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் குறியீட்டோடு இருப்பவர்களுக்குப் பழைய விகிதமே தொடர வேண்டும்.

அஃபிலியேட்களிடமும் கண்டிப்பாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. கமிஷன் கிடைக்கும் பரிந்துரை என்பதை வீடியோவிலேயே, தமிழிலேயே, தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-லிருந்தே இதை வலியுறுத்துகிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பதிவுக்கு இவ்வளவு என்று பணம் தரும் திட்டங்களில் போலி முகவரிகளை நிரப்புபவர்களுக்காக நாங்கள் ஒருபோதும் பேச மாட்டோம்.

சில அஃபிலியேட்கள், தாங்கள் அனுப்பியவர்களின் முகவரிகளைத் தங்களுக்கும் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். இதை உறுதியாக மறுக்கிறோம். முகவரி கொடுத்தவர் ஒரு பாடத்துக்காக ஒருவரிடம் கொடுத்தார். அதற்கு மேல் யாருக்கும் உரிமையில்லை. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும், ஒப்புதலைக் கொடுத்ததைப் போலவே எளிதாகத் திரும்பப் பெறும் வழியும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்ற எண்ணிக்கை அஃபிலியேட்டுக்குத் தெரிந்தால் போதும். பெயரும் முகவரியும் வேண்டாம். ஒருவர் தன் விவரங்களை அழிக்கச் சொன்னால் அவரோடு கமிஷன் குறியீடும் அழியும்; அந்த இழப்பை அஃபிலியேட் ஏற்கத்தான் வேண்டும்.

விற்பனை செய்யும் உறுப்பினர்கள் இந்த விதிகளைத் தங்கள் அஃபிலியேட் ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்க்க வேண்டும். கணக்கில் சந்தேகம் எழுந்தால், இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் முன்னிலையில் பட்டியலின் குறியீட்டுப் புலத்தையும் பணவரவையும், முகவரிகளை மறைத்து, ஒப்பிட்டுக் காட்ட விற்பவர் கடமைப்பட்டவர்.