சான்றிதழ் கடக்காத எல்லை: கடலோர நகரத்துக்குக் குடிபெயரும் தலித் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்துக்கு முன்பும் நாடெங்கும் குடும்பங்கள் இடம் மாறுகின்றன. வங்கி, ரயில்வே, துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மென்பொருள் நிறுவனம் என வேலை எதுவானாலும், விசாகப்பட்டினமா, மங்களூரா, கொச்சியா, கோவாவா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் குடும்பங்கள் சில அளவுகோல்களை வைத்துக்கொள்கின்றன. வீட்டு வாடகை, நல்ல பள்ளி, அருகில் மருத்துவமனை, மாசில்லாத காற்று, சொந்த ஊருக்கு நேரடி ரயில் ஆகியவை எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவானவை. தலித் குடும்பத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிய மறுநாள் நம் பிள்ளைகளின் சட்டநிலை என்ன? இந்தக் கேள்வியை வீட்டுத் தரகர் எழுப்பமாட்டார். மாறுதல் ஆணையிலும் அது இடம்பெறாது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் நாளில்தான் பல குடும்பங்கள் அதை முதன்முதலாக எதிர்கொள்கின்றன.

குடிபெயர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிராமத்தைக் குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் மண்டிய இடமாகவே அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய அவையில் சித்திரித்தார். அவரே சாத்தாராவிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியது அந்தக் கடலோர நகரத்தில்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழும்புக்கும் ரங்கூனுக்கும் தாராவிக்கும் சென்ற நம் முன்னோருக்கும் துறைமுக நகரம் சேரியிலிருந்து வெளியேறும் வழியாக இருந்தது. அந்த வழி இன்றும் தேவை. ஆனால், அதன் நடுவே சட்டமே ஒரு தடுப்பை வைத்திருக்கிறது.

எல்லையில் நின்றுவிடும் உரிமை

அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதிகளை ஒவ்வொரு மாநிலத்தையும் ஒன்றிய ஆட்சிப்பகுதியையும் பொறுத்துத் தனித்தனியாக அறிவிக்கச் சொல்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவ்வாறே மாநிலவாரியாகப் பட்டியலிட்டது. ‘அந்த மாநிலத்தைப் பொறுத்து’ என்ற சிறு தொடர் எவ்வளவு கனமானது என்பதை 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு காட்டியது. ஆந்திரத்தின் தெனாலியில் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மனுதாரர். தந்தைக்கு ஒன்றிய அரசு நிறுவனம் ஒன்றில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் மும்பையில் வேலை கிடைத்ததால் சிறுவயதிலேயே அங்கு சென்று வளர்ந்தார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, மகாராஷ்டிரத்தில் அவர் பழங்குடியினராகக் கருதப்படமாட்டார் என்று மறுக்கப்பட்டது. தந்தைக்கு வேலை வாங்கித் தந்த அதே அடையாளம், அந்த வேலை அழைத்துச் சென்ற நகரத்தில் மகனுக்குச் செல்லாமல் போயிற்று. மறுப்பு சட்டப்படி சரியே என்றது நீதிமன்றம். 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பீர் சிங் வழக்கில் இந்நிலையை உறுதிசெய்தது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி உண்டு. சாதியின் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் பயனில்லை. ஆதிதிராவிடர் என்ற பெயர் ஆந்திரப் பட்டியலில் இருக்கிறது. அருந்ததியர் என்ற பெயரும் இருக்கிறது. ஆயினும் கோவையிலிருந்து விசாகப்பட்டினம் செல்லும் அருந்ததியர் குடும்பத்தின் பிள்ளை ஆந்திர அரசின் கல்லூரி இடங்களுக்குப் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள்ளும் இத்தகைய கோடுகள் உண்டு: தமிழ்நாட்டில் வண்ணார், கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் மட்டுமே பட்டியல் சாதியினர்.

1982இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடிபெயர்ந்தவரின் பிள்ளைக்கு, தந்தையின் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, குடியேறிய மாநில அதிகாரியே சாதிச் சான்றிதழ் வழங்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் சொந்த மாநிலத்தின் சலுகைகளுக்கும் ஒன்றிய அரசின் சலுகைகளுக்குமே உரியது. குடியேறிய மாநிலத்தின் சலுகைகளுக்கு அது செல்லாது.

ஊருக்கு ஊர் மாறும் கணக்கு

இந்தப் பின்னணியில் கடலோர நகரங்களைப் பார்ப்போம். மும்பை நம்மவர்களுக்குப் பழகிய ஊர். ஆனால் மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பிருந்தே அங்கு குடியிருந்தது என்பதற்கான ஆவணம் கேட்கப்படுகிறது. குடிசையில் வாழ்ந்து, தோல் பதனிட்டு, எழுத்தறியாமல் இறந்த தாத்தாவின் பெயரில் எந்த ஆவணம் மிஞ்சியிருக்கும்?

அந்தமானின் தலைநகரில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். ஆனால் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் பட்டியல் சாதிப் பட்டியலே கிடையாது, இலட்சத்தீவுக்கும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் அங்கு தலித்துகள் பூஜ்யம். சாதி கப்பலில் ஏறாமல் கரையிலேயே நின்றுவிட்டது என்று எவரும் நம்பமாட்டார்கள். புதுச்சேரிக்கு 1964இல் தனி ஆணை பிறப்பிக்கப்பட்டது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள அந்த ஊரில், பூர்விகத்தார், குடியேறியோர் என்ற பிரிவினை நீதிமன்றப் படிகளைப் பலமுறை ஏறியிருக்கிறது.

எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கேரளத்தில் 9.1, குஜராத்தில் 6.7, கோவாவில் 1.7. நூற்றுக்கு இருபது பேர் இருக்கும் இடத்தில் இயக்கமும் வழக்கறிஞரும் படிப்பகமும் இருக்கும். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத இடத்தில் அவமதிக்கப்பட்டால் யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அமைதியாகத் தெரியும் ஊர், நம் குடும்பத்துக்குத் தனிமையான ஊராகவும் இருக்கக்கூடும்.

வாடகை வீடும் மீன் வாசமும்

அடுத்தது வீடு. ‘சைவமா, அசைவமா?’ என்று கேட்பதன் உட்பொருளை நாம் அறிவோம். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரிலும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதுதான் வேடிக்கை. பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தில்லித் தலைநகர்ப் பகுதியில் வாடகைச் சந்தையை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை, தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைச் சொன்ன அளவிலேயே மறுக்கப்படுவதையும், கூடுதல் நிபந்தனைகளோடு வீடு தரப்படுவதையும் ஆவணப்படுத்தியது. கடலோர நகரங்கள் இதற்கு விலக்கு என்று கருத எந்தக் காரணமும் இல்லை.

சட்டம் இங்கே முற்றிலும் ஊமையாக இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் வசிப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. தண்டனையோ ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். இன்னொரு பக்கம், சமூகத்தின் பேரால் உறுப்பினரை வரையறுக்கும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதி செல்லும் என்று 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பார்சி சமூகத்துக்காக எழுந்த அந்தத் தீர்ப்பின் நிழலில் ஆதிக்கச் சாதிக் குடியிருப்புகளும் ஒதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது.

நல்ல பகுதியில் வீடு மறுக்கப்படும் குடும்பம் எங்கே போகும்? வாடகை குறைந்த, தாழ்வான நிலத்துக்குப் போகும். கடலோர நகரத்தில் தாழ்வான நிலம் என்பதன் பொருள் வெள்ளம். சென்னையின் உழைக்கும் தலித் மக்கள் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டதை நாம் கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். படகும் வலையும் இழந்தோரைக் கணக்கிட்ட நிவாரணப் பட்டியலில், உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்து பிழைப்பை இழந்த தலித்துகள் எளிதில் இடம்பெறவில்லை, முகாம்களிலும் ஒதுக்கப்பட்டனர். மனித உரிமை அமைப்புகள் இதை அப்போதே பதிவு செய்தன. ஆகவே வீடு பார்க்கும்போது கடல் எத்தனை அடியில் தெரிகிறது என்பதைவிட, கடந்த பெருமழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேட்பதே முக்கியம்.

நம்முடன் வருபவை

எல்லாமே எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஐஐடி, என்ஐடி உள்ளிட்ட ஒன்றிய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசுப் பணிகளுக்கும் சொந்த மாநிலச் சான்றிதழ் எங்கிருந்தாலும் செல்லும். மருத்துவப் படிப்பில், அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காடு அகில இந்திய இடங்களில் பட்டியல் சாதி ஒதுக்கீடு உண்டு. சிக்கல் மீதமுள்ள 85 விழுக்காட்டில்தான். மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை, பிள்ளை வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் பொறுப்பே.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம்முடன் பயணிக்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினரான ஒருவர் நாட்டின் எப்பகுதியிலும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. காவல் நிலையத்தில் ‘நீங்கள் இந்த மாநிலத்தில் எஸ்சி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டால் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு இது.

எனவே புறப்படும் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது இதுதான். தந்தை, பிள்ளைகள் என ஒவ்வொருவரின் சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியிருந்தால், மாநில ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் படிப்பா, ஒன்றிய நிறுவனப் படிப்பா என்று முடிவு செய்த பிறகே ஊரைத் தேர்ந்தெடுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், மருத்துவ இடங்களில் தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். குடியேறும் ஊரில் உள்ள தலித் இயக்கம் எது, வழக்கறிஞர் யார் என்பதை மருத்துவமனையை விசாரிப்பதுபோலவே விசாரியுங்கள்.

யாருடைய பங்கிலிருந்து?

ஆனால் தனிக் குடும்பத்தின் முன்னெச்சரிக்கையால் மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது. உச்ச நீதிமன்றம் முன்வைத்த காரணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு மாநிலத்தின் ஒதுக்கீடு அங்குள்ள ஒடுக்கப்பட்டோரின் நிலையைக் கணக்கிட்டு அமைந்தது. வெளியிலிருந்து வசதியோடு வரும் அதிகாரியின் பிள்ளை அதில் பங்கு கேட்டால், இழப்பது உள்ளூர்க் கூலித் தொழிலாளியின் பிள்ளை. கேரளத்துப் புலையரும் ஆந்திரத்து மாதிகரும் இப்படி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. உள் ஒதுக்கீடு வேண்டும் என்று வாதாடும் நாம் இந்த நியாயத்தை மறுக்கலாகாது.

ஆகவே எங்கள் கோரிக்கை உள்ளூர்ப் பங்கைக் குறைப்பதன்று. பணி மாறுதலால் தம் விருப்பமின்றி இடம்பெயர்வோரின் நிலையைச் சட்டமியற்றுவோர் தனியே கருத வேண்டும் என்று 1990 தீர்ப்பே கோடிட்டுக் காட்டியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாடாளுமன்றம் அதற்கு விடை சொல்லவில்லை. குடிபெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கென மாநிலக் கல்லூரிகளில் கூடுதல் இடங்களை உருவாக்கி, அதன் செலவை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். வருமானம் குறைந்த புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகளுக்கே அவற்றில் முன்னுரிமை தரப்பட வேண்டும்.

இதே அளவுகோலால் தமிழ்நாட்டையும் அளக்க வேண்டும். தூத்துக்குடியிலும் சென்னையிலும் கட்டுமான வேலைக்கு வரும் பீகாரின் முசாகர் சமூகத்துத் தொழிலாளியின் பிள்ளை இங்கே பிறந்து, இங்கே தமிழ் படித்து வளர்ந்தாலும், நம் மாநிலத்தின் 18 விழுக்காட்டில் அதற்கு இடமில்லை. விசாகப்பட்டினத்தில் நம் பிள்ளைக்கு நேர்வது அநீதி என்றால், தூத்துக்குடியில் அந்தப் பிள்ளைக்கு நேர்வதும் அநீதியே.

2022க்குள் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ரேஷன் அரிசி மாநில எல்லையைத் தாண்டக் கணினி வழி ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, ஒடுக்கப்பட்ட பிள்ளையின் உரிமை எல்லையைத் தாண்டவும் வழி செய்ய முடியும். சாதிக்கு மாநில எல்லை தெரியாது. அதற்கு எதிரான பரிகாரம் மட்டும் எல்லையில் நிற்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.