பழி மழை மீது

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆட்சியாளர்களுக்குக் கோணல் கூடமாக வாய்த்திருப்பது வானம். மழை பொய்த்தால் வறட்சி, கொட்டினால் வெள்ளம். வளர்ச்சி தளர்ந்ததற்கு இரண்டிலுமே விளக்கம் தயார். கேட்கிற மக்கள்தான் இப்போதெல்லாம் நம்பத் தயாராக இல்லை.

பெங்களூருக்காரர்களைக் கேளுங்கள். 2022 ஆகஸ்ட் 30 அன்று வெளிவட்டச் சாலையில் ஊழியர்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சிக்கிக்கொண்டதில் ரூ. 225 கோடி நஷ்டம் என்று அங்குள்ள நிறுவனங்களின் சங்கம் முதல்வருக்குக் கடிதம் எழுதியது. அடுத்த வாரமே அதைவிடப் பெரிய வெள்ளம். கம்ப்யூட்டர் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். 90 ஆண்டுகளில் காணாத மழை என்றார் அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை. முந்தைய காங்கிரஸ் ஆட்சிகளையும் சாடினார். மழை கடுமையானதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வேறொரு கணக்கைச் சொல்லியிருந்தது: கோரமங்கலா பள்ளத்தாக்கில் 1900-களின் தொடக்கத்தில் 113 கி.மீ. நீளமிருந்த மழைநீர்க் கால்வாய்கள் 2016-17இல் 63 கி.மீ.யாகச் சுருங்கிவிட்டன. மீதிக் கால்வாயை மேகம் தின்றுவிடவில்லை.

2023இல் கதை தலைகீழ். மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச்சில் பெங்களூருவின் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டன. வெகுவாகத் தவித்தவை, 2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களைச் சேர்ந்த பகுதிகள். அவற்றுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வானம் ஏமாற்றியது ஒரு வருஷம். குழாய் ஏமாற்றியது 17 வருஷம்.

நாட்டின் உண்மையான நிதியமைச்சர் பருவமழைதான் என்பது டெல்லியில் பழகிப்போன பேச்சு. 2002இல் மழை 19 சதவீதம் குறைந்து, வளர்ச்சியும் 4 சதவீத அளவுக்கு இறங்கியபோது அது பொருந்தியது. ஆனால் 2009இல் மழை 22 சதவீதம் குறைந்தும் வளர்ச்சி சுமார் 8 சதவீதம். 2019இல் மழை சராசரியைவிட 10 சதவீதம் அதிகம். வளர்ச்சியோ 4 சதவீதத்துக்குச் சரிந்தது. 2024 ஜூலை-செப்டம்பரில் வளர்ச்சி 5.4 சதவீதம் என்று முதல் மதிப்பீடு வந்தபோது, அதிக மழையால் சுரங்கங்களும் மின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே மதிப்பீட்டில், மழையை நம்பிய விவசாயம் 3.5 சதவீதம் வளர்ந்திருந்தது. கூரைக்கடியில் நடக்கும் தொழில் உற்பத்தி 2.2 சதவீதம்தான்.

இதனால் மழைக்கும் பொருளாதாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றாகிவிடாது. மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 18 சதவீத அளவுதான். ஆனால் உழைப்பவர்களில் சுமார் 45 சதவீதத்தினர் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். மழை தவறினால் புள்ளிவிவரம் தப்பித்துவிடும், விவசாயி தப்ப முடியாது. கர்நாடகத்தில் வறட்சி முதலில் அறிவிக்கப்பட்டது 2023 செப்டம்பரில். நிவாரணம் கேட்டு மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. மத்திய நிதி வந்தபோது 2024 ஏப்ரல் முடியும் தறுவாய்.

மழையைக் காரணம் காட்டும் உரிமை அந்த விவசாயிக்கு உண்டு. அமைச்சர்கள் அதை இரவல் வாங்காமலிருப்பது நல்லது.