குளிர்சாதனமும் குடும்பச் செலவும்



பாஸ்கா விழாவுக்குப் பின் வீடுகளை மந்திரிக்கச் செல்வது நம் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றபோது கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டின் உள்ளறைக்குள் நுழைந்தேன். பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்த பெரியவருக்கு அவர்தம் மனைவி பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் அறை அடுப்பங்கரை போல் தகித்தது. சுவரிலோ ஓர் ஏ.சி. கருவி, தூசி படாதிருக்கப் பழைய சேலைத் துணியால் மூடப்பட்டிருந்தது. கப்பலில் பணிபுரியும் மகன் தந்தைக்கென்றே வாங்கித் தந்த கருவி அது.

"ஏன் அம்மா, இதைப் போடவில்லையா?" என்று கேட்டேன்.

"கேஸ் போயிட்டு சாமி. மூணு கோடையா வருஷத்துக்கு ஒரு தடவை மூவாயிரம் மூவாயிரமாக் குடுத்து அடிச்சாச்சு. இந்த வருஷமும் போயிட்டு. மகன்கிட்ட எத்தனை தடவைதான் கேக்கிறது?" என்றார்.

ஒன்பதாயிரம் ரூபாய் செலவழிந்திருக்கிறது. பலனோ ஒரு விசிறி! ஏ.சி. என்றாலே ஆடம்பரம் என்று பேசியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் முதியோர்க்கும் நோயாளிகட்கும் கடுங்கோடையின் வெப்பம் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது. எனவே வாங்கிய கருவியை முறையாகப் பேணுவது எப்படி, அதற்கு என்ன செலவாகும் என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

முதலில் கருவியின் இயல்பை அறிந்துகொள்வது நலம். குளித்துவிட்டு ஈர உடலோடு காற்றில் நின்றால் குளிர்கிறது அல்லவா? ஈரம் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்வதே காரணம். ஏ.சி.யிலும் அதுவே நிகழ்கிறது. உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளில் ஒருவகைத் திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு, மீண்டும் திரவமாக்கி உள்ளே அனுப்புகிறது. நாம் "கேஸ்" என்பது இதைத்தான். இது நான்கு புறமும் அடைக்கப்பட்ட சுற்றில் ஓடுவது. அடுப்பின் கேஸ் போல எரிந்து தீர்வதன்று. ஆகவே ஒரு கருவியில் கேஸ் குறைந்துள்ளதென்றால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். உடலில் இரத்தம் குறைந்தால், காயம் எங்கே என்று பாராமல் ஆண்டுதோறும் இரத்தம் மட்டும் ஏற்றிக்கொண்டிருப்போமா? அந்த அம்மையார் வீட்டில் நடந்தது அதுதான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இத்தொழிலைக் கற்ற நம் பங்கு இளைஞர் ஒருவரை மறுநாள் அனுப்பினேன். வெளிப்பெட்டியில் செம்புக்குழாய் சேரும் திருகு மூட்டில் எண்ணெய்க் கறை படிந்திருந்ததை அவர் கண்டார். கேஸோடு சிறிது எண்ணெயும் ஓடுவதால் கசியும் இடத்தில் கறை தங்கும். குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து மூட்டினார். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிச் சோதித்தார். பம்பு வைத்து உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி நீக்கினார். பின்னரே, கருவியின் தகட்டில் குறித்துள்ள அளவுக்குக் கேஸை எடைபோட்டு நிரப்பினார். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று. முன் கொடுத்ததைவிடச் சற்று மிகுதிதான். ஆனால் இன்றுவரை மீண்டும் கேஸ் நிரப்ப நேரவில்லை.

எனவே கேஸ் நிரப்ப வருபவரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். கசிவு எங்கே? அதை அடைத்தாயிற்றா? எடைபோட்டு நிரப்புகிறீர்களா? இவற்றுக்கு விடையில்லையேல் பணம் கொடுக்க வேண்டா. பழைய கருவிகளில் ஆர்-22, புதியவற்றில் பெரும்பாலும் ஆர்-32 எனக் கேஸின் வகைகள் பல. ஒன்றுக்கு மாற்றாக வேறொன்றை நிரப்பலாகாது. ஆர்-22 வானின் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் பூமியை வெப்பமாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தீப்பற்றும் தன்மையும் ஓரளவு உண்டு. ஆகையால் எதையும் காற்றில் திறந்துவிடுவது முறையன்று.

அவசரப்பட்டுக் கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவு செய்யவும் வேண்டா. குளிர் குறைவதற்கும் சுருளில் பனி படிவதற்கும் பெரும்பாலும் அழுக்கடைந்த வடிகட்டியே காரணம். முன்மூடியைத் திறந்தால் கையோடு வரும் வலைத்தட்டு அது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். செலவு ஒரு காசும் இல்லை. வீட்டுப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

உள்பெட்டியிலிருந்து சுவரில் நீர் வடிந்தாலும் பலர் அஞ்சுகின்றனர். 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகவே வில்லிஸ் கேரியர் இக்கருவியை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதே அவர் நோக்கம். ஆம், காற்றின் ஈரத்தை நீராக்கி வெளியேற்றுவதும் இதன் வேலையே. அந்நீர் செல்லும் குழாயில் அழுக்கும் பாசியும் அடைத்தால் நீர் உள்ளே வழியும். அடைப்பை நீக்கினால் போதும்.

சுருள்களைக் கழுவுவதும் வெளிப்பெட்டியைத் திறப்பதும் தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியவை. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். கை வைத்தல் தகாது. கோடைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஆண்டுக்கு இருமுறை சர்வீஸ் செய்வது நன்று. நம்மைப் போன்ற கடலோர மக்களுக்கு இது மிகவும் தேவை. உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளை அரித்துவிடும். ஏ.சி.க்குத் தனி ஒயரும் தனி சுவிட்சும் இருத்தல் வேண்டும். பிளக் சூடேறினாலோ கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்தி மின்பணியாளரை அழையுங்கள்.

இனிச் செலவுக் கணக்கு. நம் பகுதியில் நான் விசாரித்த வரையில், ஒரு சர்வீசுக்கு ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை ஆகிறது. மாதம் 150 ரூபாய் உண்டியலில் போட்டுவந்தால் ஆண்டுக்கு 1,800 ரூபாய் சேரும். இரு சர்வீசுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஆண்டு ஒப்பந்தம் செய்வோர், உதிரிப் பாகங்களும் கேஸும் அதில் அடங்குமா, கூலி மட்டும்தானா என்று படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். பத்து ஆண்டைத் தாண்டிய கருவியில் கம்ப்ரஸரே பழுதானால், புதியதன் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பழுதைவிடப் பெரிய செலவு மின்கட்டணமே. ஒன்றரை டன் சாதாரணக் கருவியின் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் செலவாகும். இரவு எட்டு மணி நேரத்தில் மூன்றில் இரு பங்கு நேரம் அது ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட். பயன்பாடு ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்வதை நீங்கள் அறிவீர்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணிப்பு. 2020-ஆம் ஆண்டு முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்படுவதும் இதனால்தான். பதினெட்டில் வைத்துக் கம்பளி போர்த்துவதைவிட, இருபத்தாறில் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிடுவது அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. அந்த அம்மையாரிடம் மும்முறை பணம் பெற்றவர்களை மட்டும் நான் குறை கூறமாட்டேன். கசிவைத் தேட அரைநாள் ஆகலாம்; அந்த அரைநாளுக்குக் கூலி தர நம்மில் எத்தனை பேருக்கு மனமுண்டு? "எப்படியாவது இன்றைக்கே குளிரச் செய்" என்று நாமே அவசரப்படுத்துகிறோம். இன்னும் கொடுமை, மாடியின் சன்ஷேடு மீது கயிறும் இல்லாமல் நின்று வேலை செய்யுமாறு பிறர் வீட்டுப் பிள்ளையை ஏவுகிறோம். வெளிப்பெட்டியைக் கை எட்டும் பாதுகாப்பான இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். இயலாவிடில் பாதுகாப்புக் கயிறு கட்டாமல் அவரை ஏறவிடாதீர்கள். நம் வீட்டின் குளிர்ச்சிக்காக இன்னொரு வீட்டில் அழுகை எழலாகாது.

இவ்வாண்டு மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றேன். பெரியவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டா என்று சைகை காட்டிவிட்டு, மந்திரித்துத் திரும்பினேன். பனையோலை விசிறி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.