கலரைச் சரி பண்ணுங்க, ஆளை விட்டுடுங்க

நம்ம ஊர்ல 'பொண்ணு நல்ல கலர்'னு சொன்னா, என்ன கலர்னு யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அந்த ஒரு வார்த்தையால எங்க வீட்டில் நடந்த குளறுபடியைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

2016ல் அப்பா தவறிட்டார். புனேயிலிருந்து அடிச்சுப் பிடிச்சு ஊருக்குப் போனோம். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேணும்னு தேடினா, அப்பா தனியா, நேராப் பார்த்து, லேசாச் சிரிச்ச மாதிரி இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். 2014 பொங்கலுக்கு நான் எடுத்தது. காலையில் வாசல் கோலத்தை எடுக்கும்போது கேமராவில் வொயிட் பேலன்ஸை வெயிலுக்கு வச்சிருந்தேன். ராத்திரி அதை மாத்தாமலே டியூப்லைட் வெளிச்சத்துல அப்பாவை எடுத்துட்டேன். முகமெல்லாம் பாசி படிஞ்ச மாதிரி பச்சை. ஸ்டுடியோவில் கொடுத்து, "கலர் மட்டும் சரி பண்ணிடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாள் வந்த படத்தைப் பார்த்து அம்மா கேட்டாங்க: "யாருடா இது?"

பச்சை போயிருந்தது. கூடவே, முப்பது வருஷம் லைன்மேனா கம்பம் ஏறி வெயில்ல காய்ஞ்ச அப்பாவோட கறுப்பும் போயிருந்தது. ஸ்டுடியோக்காரர் மேல எனக்குக் கோபம் இல்லை. 'கலர்'னு சொல்லி வர்றவங்க வழக்கமா எதைக் கேப்பாங்களோ அதைச் செஞ்சு கொடுத்தார். தப்பு நம்ம எல்லார் தலையிலும் இருக்கு.

என் கட்சி இதுதான். படத்தில் ஏறின வேண்டாத நிறச்சாயலை எடுக்கிறது வேற, ஆளோட நிறத்தை மாத்துறது வேற. முதல்ல சொன்னது வெளிச்சத்தைத் திருத்துறது. ரெண்டாவது மனுஷனைத் திருத்துறது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டமே இல்லை. சாயல்னா முகத்தில் மட்டும் இருக்காது; பின்னாடி இருக்கிற சுவர், தரை, சட்டை எல்லாத்துலயும் இருக்கும். சுவர் சரியான நிறத்துக்கு வந்ததும் வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல முகத்தை மட்டும் தனியாத் தொட்டா, அது வேற வேலை.

வெளிச்சத்துக்கும் நிறம் உண்டுங்கிறதை நம்ம கண்ணு மறைச்சுடும். குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின், அதாவது மஞ்சள். நடுப்பகல் வெயில் சுமார் 5500. மர நிழல் 7000க்கு மேல, நீலம் தட்டும். எந்த வெளிச்சத்துலயும் வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளையாத்தான் தெரியும், மூளை சரிக்கட்டிக்கும். கேமரா ஊகம் பண்ணித்தான் ஆகணும். படம் முழுக்க இருக்கிற நிறங்களைக் கலந்தா சாம்பல் வரணும்ங்கிறது பழைய ஊகங்களில் ஒண்ணு. நம்ம கல்யாண வீட்டில் அரக்குப் பட்டும் சாமந்தி மாலையும் மஞ்சளுமா நிறைஞ்சிருந்தா அந்தக் கணக்கு தப்பும். கேமரா நீலத்தைக் கூட்டிடும், பொண்ணு மாப்பிள்ளை முகம் வெளிறிப் போகும். கம்ப்யூட்டரில் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான்.

அதனால கையால செய்யுங்க. கிம்ப் இலவசம். அதில் லெவல்ஸைத் திறந்தா மூணு சொட்டுக் குழாய் இருக்கும். சாம்பல் நிறத்துக்கான குழாயை எடுத்து, நிஜத்தில் சாம்பலா இருந்த ஒரு இடத்தில் தொடுங்க. மொபைலில் ஸ்னாப்சீட்டிலும் இதே மாதிரி குழாய் உண்டு. எங்கே தொடுறதுங்கிறதுதான் சூட்சுமம். வேட்டியில் தொடாதீங்க! சொட்டு நீலம் போட்டுத் துவைச்ச வேட்டி உண்மையிலேயே நீலம் கலந்த வெள்ளை. அதைச் சாம்பல்னு சொன்னா படம் மஞ்சளாயிடும். வெள்ளையடிக்காத சிமென்ட் சுவர், தூண் நல்லது. முகத்தில் விழுற அதே வெளிச்சம் அதிலும் விழணும். ஒரு பக்கம் டியூப்லைட், ஒரு பக்கம் குண்டு பல்புன்னா ஒரே தொடலில் சரியாகாது. அதுக்கு எடுக்கும்போதே ஒண்ணை அணைச்சுடுறது உத்தமம்.

எல்லாச் சாயலையும் துடைக்கணும்னும் இல்லை. கார்த்திகை விளக்கு வெளிச்சத்தில் முகம் மஞ்சளாத்தான் இருக்கணும். அதை வெள்ளையாக்கினா விளக்கு எதுக்கு?

இந்தக் கோளாறு நம்ம ஊர் ஸ்டுடியோவில் ஆரம்பிச்சதும் இல்லை. பிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க 'ஷர்லி கார்டு'ன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. ரொம்ப காலம் அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண் படம்தான். அந்தத் தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு கணக்கு. கறுப்பு முகங்கள் என்ன ஆச்சுன்னு கேக்க நாளாச்சு. இன்னைக்குப் பல மொபைல்களில் 'பியூட்டி' வசதி இருக்கு. அது ஆன்ல இருந்தா, நாம கேக்காமலே முகத்தை வெளுக்கவும் மழமழன்னு ஆக்கவும் வாய்ப்பு உண்டு. அதை முதல்ல அணைங்க.

வெளியூரில் இருக்கிற நமக்கு இது வெறும் அழகு விஷயம் இல்லீங்க. என் பொண்ணு புனேயில் பிறந்தவ. தாத்தா தவறும்போது அவளுக்கு மூணு வயசு. தாத்தான்னா அவளுக்கு அந்தப் படம்தான். அதில் இருக்கிறது வேற ஆளுன்னா, அவளுக்குத் தாத்தாவே வேற ஆளு. போதாததுக்கு, சிவப்பா இருந்தாத்தான் மாலை போட லாயக்குன்னு ஒரு பாடமும் சேர்த்துக் கொடுத்திருப்போம்.

நல்லவேளை, மூலப் படத்தை அழிக்காம வச்சிருந்தேன். நீங்களும் எப்பவும் மூலத்தை வச்சுக்கிட்டு நகலில்தான் கை வைக்கணும். வருஷ திதிக்குள்ள நானே உட்கார்ந்தேன். அப்பாவுக்குப் பின்னாடி பூசாத சிமென்ட் தூண் இருந்தது. அதில் ஒரு தொடல். பச்சை இறங்கிச்சு, கறுப்பு அப்படியே நின்னுச்சு. வேற எதையும் தொடலை. பிரேம் போட்டு எடுத்துட்டுப் போனேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. முந்தானையால கண்ணாடியைத் துடைச்சாங்க, பழைய படத்தைக் கழட்டிட்டு இதை மாட்டச் சொன்னாங்க.

அடுத்த தடவை ஸ்டுடியோவுக்குப் போனா 'கலர்'னு சொல்லாதீங்க. "சுவரைச் சரி பண்ணுங்க, முகத்தைத் தொடாதீங்க"ன்னு சொல்லுங்க.