அச்சு இரண்டு

‘அச்சு’ என்னும் தமிழ்ச் சொல் இரு தொழில்களுக்கு உரியது. தறியில் ஊடை நூலை அடித்து நெருக்கும் பல்வரிசைக்கு அச்சு என்று பெயர். துணியில் பூவேலை பதிக்கும் மரக்கட்டைக்கும் அதுவே பெயர். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தார் இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்திருத்தல் நலம். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் புடவை எடுக்கும்போது அவ்வறிவு பயன்படும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரம் முதல் அச்சின் ஊர். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், தமிழ்ப் பகுதியினின்று சாலியர் வரவழைக்கப்பெற்று அங்குக் குடியமர்ந்தனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை பிரிந்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் தறியோசை ஓயவில்லை. குழித்தறியில் நெய்யும் அவ்வூர் வெண்துணிக்குக் கசவுக் கரையே அணி. கரையும் உடலும் ஒருங்கே நெய்யப்படுவதால், துணியைப் புரட்டினாலும் கசவு கசவாகவே விளங்கும். 2009இல் இத்துணி புவிசார் குறியீடு பெற்றது.

இரண்டாம் அச்சின் பெருமையைக் காண ஆந்திரக் கரையிலுள்ள மசூலிப்பட்டினத்துக்குச் செல்லவேண்டும். அங்குக் கலம்காரித் துணியைக் கடுக்காய் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரை மரவச்சால் ஒற்றினால் அவ்விடம் கறுக்கும். படிகாரம் ஒற்றிய இடமோ, முன்னாளில் சாயவேர் இட்டுக் கொதிக்கவைக்கச் சிவந்தது. படிகாரம் படாத இடத்துச் சாயம், அலசி வெயிலில் உலர்த்த உலர்த்த வெளிறிவிடும். நின்ற சாயமோ நூலுக்குள் ஊறியது, மேலே பூசியதன்று.

அன்பர்களே, இவ்விரு தொழில்களும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் கெடுப்பது போலியே. விசைத்தறித் துணியில் பொன்னிறச் சாந்தால் கரையை அச்சிட்டுக் கைத்தறி என்பதும், எந்திர அச்சை மரவச்சு என்பதும் ஏமாற்று. விலை குறைந்த துணியை வாங்குவது குற்றமன்று. அதற்குக் கைத்தறியின் விலையைக் கொடுப்பதே தவறு. ஏனெனில், அப்பணம் நெசவாளர் வீட்டுக்குச் செல்வதில்லை.

இனங்காண்பது எளிது. பூசிய பொற்கரை மறுபக்கத்தில் தெரியாது. நெய்த கசவு தெரியும். மரவச்சுத் துணியில், கட்டையும் கட்டையும் கூடும் இடத்தில் கோடு மயிரிழை விலகியிருக்கும். அது பழுதன்று, கையின் சாட்சி. 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரையும் துணைசெய்யும்.

உரிய கூலி கிட்டாவிடில் நெசவாளரின் மக்கள் தறிக்குழியில் இறங்கமாட்டார்கள். பின்னர் நம் பிள்ளைகள் ‘அச்சு’ என்பதன் முதற்பொருளை அகராதியில்தான் தேட நேரும். ஆதலின் அடுத்த முறை கடைக்காரர் துணியை விரிக்கையில், விலையைக் கேட்குமுன் அதன் மறுபக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.