ஏறாதவர்கள் எந்தக் கணக்கில்?

"ஆளே ஏறாத தடத்துக்குப் பஸ் எதற்கு?" பணிமனையிலும் கேட்கலாம், டீக்கடையிலும் கேட்கலாம், மறுபேச்சே தேவையில்லாத நியாயம்போல ஒலிக்கும். கலெக்‌ஷன் குறைந்தால் தேவை குறைவு, ஆகவே சிங்கிளை, அதாவது ஒரு வழி நடையை, குறைக்கலாம் என்பது இதன் தர்க்கம். ஆனால் டிக்கெட் மெஷினுக்குத் தெரிந்தது ஏறியவர்களை மட்டுமே. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் பூ வந்தாக வேண்டும். சுற்றுக் கிராமம் ஒன்றில் முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான் என்றால், பூக்காரர் பைக்கைத் தேடிக்கொள்வார். பஸ் காலியாக ஓடும். காலியாக ஓடுகிறதே என்று அதையும் நிறுத்துவார்கள். நேரம் தவறியதற்கான தண்டனை ஊருக்கு.

ஏறாதவர்களுக்குத் தேவையே இல்லை என்பது எவ்வளவு பொய் என்று 2021 மே மாதத்துக்குப் பிறகு தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அந்த மாதம் பெண்களுக்குக் கட்டணம் நீங்கிய பின், பயணிகளில் 40 விழுக்காடு அளவில் இருந்த அவர்கள் பங்கு 60ஐத் தாண்டியது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ஷேர் ஆட்டோவில் போனவர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள், அவ்வளவுதானே என்பார்கள். இருக்கட்டும். அதுவரை அவர்கள் ஆட்டோவுக்குக் கொட்டிய காசு எந்த டிரிப் ஷீட்டில் இருந்தது? விலக்கியது கட்டணம் என்ற ஒரு தடையை மட்டும். படியின் உயரம் அப்படியே இருக்கிறது. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர். தாழ்தளப் பேருந்துக்கு 400. மாற்றுத்திறனாளிகள் பயணிக்க வசதி செய்வது அரசின் கடமை என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே என்ற பதில், பூட்டிய கடைக்கு வியாபாரம் இல்லை என்பதுபோல.

போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் இருக்கும்போது ஆய்வுக்கு ஏது பணம் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்குப் பெரிய கன்சல்டன்சி வேண்டாம். காலையும் மாலையும் நிறுத்தங்களில் காத்திருப்போரை எண்ணக் கல்லூரி மாணவர்கள் போதும். எந்த நிறுத்தத்தில் யார் கை காட்டி, படியைப் பார்த்துப் பின்வாங்குகிறார் என்பது நடத்துநருக்குத் தெரியும். அவரிடம் கேட்பதுதான் இல்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டமும் பஸ் போகாத சாலை எது என்றுதான் அளக்கிறது. எந்த மணிக்குப் போக வேண்டும் என்று ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். வீட்டில் ஒரு பைக் இருந்தால் அதை ஓட்டிக்கொண்டு போவது ஒருவர். மற்றவர்கள்? சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்து விடும்போது, எங்கிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே யோசிக்கத்தான் செய்கிறார்கள். அந்த யோசனையைச் சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்குபவரிடம் எந்த ஊர், எதில் வந்தீர்கள், எதில் திரும்புவீர்கள் என்று ஒரு மாதம் கேட்டு எழுதினாலே, எந்தத் தடத்தில் எந்த சிங்கிளை நகர்த்த வேண்டும் என்று பேசத் தொடங்கலாம்.